கழுத்தளவுக் கல்

சிங்கவரத்துக் குஞ்சம்மாளுக்குக் கோபம் மூக்குமேல் என்று செஞ்சிக் கடைத்தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் விறகு பேரம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். எனக்குத் தெரிந்து அவள் காரணமில்லாமல் ஒரு நாளும் கத்தியதில்லை. காரணந்தான் தினம் ஒன்று அவளைத் தேடி வந்துகொண்டிருந்தது. அதற்கு அவளைக் குற்றம் சொன்னால் எனக்கும் கோபம் வரும்.

என் பெயர் ஜெயம். சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் பெட்டிக்கடை வைத்திருந்தேன். வெற்றிலை, பீடி, வறுத்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, வெயில் காலத்தில் மோர். கடைக்கு எதிரே ஒரு புங்கமரம், மரத்தடியில் ஒரு சுமைதாங்கி. குஞ்சம்மாளின் கதையும் அந்தச் சுமைதாங்கியின் கதையும் ஒன்றுதான். ஒன்றைச் சொன்னால் மற்றதைச் சொல்லியாக வேண்டும்.

குஞ்சம்மாள் தொண்டூரில் பிறந்து சிங்கவரத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் கிணறு வெட்டும்போது வெடியில் போய்விட்டான். கையில் ஒரே பெண், உண்ணாமலை. மலையடிவாரத்தில் விறகு வெட்டிக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு, செஞ்சி ஓட்டல்களுக்குப் போட்டு அந்தப் பெண்ணை வளர்த்தாள். பெண்ணும் வளர்ந்தது. சும்மா வளரவில்லை, உயரமான அம்மாவைவிட நாலு விரல் கூடுதலாகவே வளர்ந்தது. "பனமரத்துக்கு எங்க போய் மாப்ள பாக்கப்போற?" என்று ஊரில் கேலி பேசினார்கள். உள்ளூரிலேயே சம்பந்தம் என்று ஒருத்தன் கிடைத்தான். கொஞ்சம் நிலம், ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. குஞ்சம்மாள் மகிழ்ந்துதான் கட்டிக்கொடுத்தாள்.

அறுபத்திரண்டாம் வருஷம் மல்லாட்டை பிடுங்குகிற பருவம். உண்ணாமலைக்கு நிறைமாதம். வலி கண்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வீட்டில் வண்டி இல்லை. சம்பந்தம் மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சி மண்டிக்குப் போயிருந்தான். சைக்கிளில் ஆள் பறந்துபோய்ச் சொன்னதற்கு, "தோ, மூட்டய எறக்கிட்டு வந்துடறேன்" என்றானாம்.

அவன் இறக்கிவிட்டு வருவதற்குள் யார் வீட்டு வண்டியையோ பிடித்து இவளை ஏற்றினார்கள். வண்டி இந்தப் புங்கமரத்தடிக்கு வரும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் போயிற்று, தாயும் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து எதிரே காலி வண்டியை ஓட்டிக்கொண்டு சம்பந்தம் வருகிறான். குஞ்சம்மாள் மகளின் தலையை மடியிலிருந்து எடுக்காமலேயே அவனைக் கேட்டாள்.

"மூட்டய எறக்கிட்டியா மாப்ளே?"

நான் கடையிலிருந்து ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவன் மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி வண்டியிலேயே இருந்தான்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைப்பார்கள். பாரம் இறக்காமல் போனவள், போன இடத்திலும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே நிற்பாளாம். வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அந்தக் கல்லில் இறக்கி வைத்து 'அப்பாடா' என்று மூச்சு விடும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் இறங்குமாம். இது நிஜமா பொய்யா என்று என்னைக் கேட்காதீர்கள். தலையில் ஒரு விறகுக்கட்டை வைத்துக்கொண்டு சிங்கவரத்திலிருந்து செஞ்சி வரைக்கும் நடந்துவிட்டு வந்து கேளுங்கள்.

பெண்ணைப் புதைக்க எடுக்கிறதற்கு முன்னால் குஞ்சம்மாள் ஒரு காரியம் செய்தாள். வைக்கோல் பிரி ஒன்றைத் திரித்து, மகளின் குதிகாலிலிருந்து கழுத்து வரைக்கும் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஒரு கட்டு விறகு தலையிலிருந்து கல்லுக்குத் தானாக நழுவ வேண்டும். குனியக் கூடாது, கைகொடுக்க ஆள் தேடவும் கூடாது. அதற்குக் கழுத்தளவு வேண்டும். யார் கழுத்தளவு என்றால், செத்தவளுடைய கழுத்தளவு. கல்லுடைக்கிற பச்சமுத்து அந்தப் பிரியை வைத்துத்தான் கல் நட்டான். பிணத்தை அளந்த கயிறு வீட்டில் இருக்கக் கூடாது, எரித்துவிடு என்று ஊரே சொன்னது. குஞ்சம்மாள் அதைக் கூரைவாரையில் செருகி வைத்தாள். "என் வீட்ல இன்னும் கெடுறதுக்கு இன்னா இருக்குது?" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் விறகுக்கட்டோடு வருவாள். கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, திரும்பிப் பார்க்காமலேயே கட்டை நழுவவிடுவாள். சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எறங்கிச்சாடி?" என்று கல்லைக் கேட்பாள். பிறகு என்னிடம் வந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் திட்டுவாள். வெள்ளிக்கிழமை கல்லுக்கு மஞ்சள் பூசுவாள். உண்ணாமலையைப் புதைத்த இடம் ஏரிக்கரைப் பக்கம் இருந்தது. அங்கே பெண்கள் போகலாம் என்றால் மாசி மாதம் மயானக் கொள்ளைத் திருவிழா அன்றைக்குத்தான். மற்ற நாளெல்லாம் ஆம்பளைகள் ராஜ்ஜியம். அதனால் அவளுக்கு இதுதான் மகளின் சமாதி, இதுதான் மகள்.

சம்பந்தம் வருஷம் திரும்புவதற்குள் வல்லத்திலிருந்து நீலாவதியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆம்பளைக்கு யார் கல்யாணத்தை நிறுத்தினார்கள்? நீலாவதி குள்ளமாக, வாய் திறக்காத பெண்ணாக இருந்தாள். குஞ்சம்மாள் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. எதிரே வந்தால் காறித் துப்புவாள். நீலாவதியும் இந்தக் கல் பக்கம் வந்ததில்லை. பிள்ளை பெற வேண்டியவள் அங்கே போகக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தாள். தலையில் புல்லுக்கட்டோடு சாலையோரத்துக் கொல்லை நிலத்துக்குள் இறங்கி, மரத்தைச் சுற்றிக்கொண்டு போவாள். நாலு வருஷம் அப்படித்தான் போனாள்.

அறுபத்தேழில் சிங்கவரத்துக்கு பஸ் விட்டார்கள். என் கடை எதிரே ஸ்டாப்பிங். சம்பந்தம் அதற்குள் பஞ்சாயத்து மெம்பர் ஆகியிருந்தான். வெள்ளை வேட்டி, கையில் ஒரு தோல் பை, பைக்குள் என்ன இருந்தது என்று அவன் பெண்டாட்டிக்கும் தெரியாது. அந்த மாசி மாதம் குஞ்சம்மாள் வழக்கம்போல மயானக் கொள்ளைக்கு மகளின் மண்மேட்டைச் செதுக்கி, மஞ்சள் தெளித்து, வேகவைத்த மொச்சையும் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் படைத்துவிட்டு, மேல்மலையனூர் தேர் பார்க்கப் போய்விட்டாள். அவள் அங்கே அங்காளம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது இங்கே சம்பந்தம் கடப்பாறையோடு ஆள் கூட்டிக்கொண்டு வந்தான்.

மேல்கல்லை இறக்கினார்கள். நின்ற கற்கள் இரண்டையும் இன்னும் ஆழமாகக் குழி பறித்து இறக்கினார்கள். திரும்ப மேல்கல்லை வைத்தார்கள். முழங்கால் உயரத்துக்கு அழகான பெஞ்சு. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் உட்காருவதற்காம்!

"யோவ், அது உம் பொண்டாட்டி கல்லுய்யா" என்று நான் சாலையைத் தாண்டிப் போய்க் கத்தினேன்.

"அவளுக்குப் புண்ணியந்தான் ஜெயம். இப்போ யாரு தலச்சொம தூக்கறா? எல்லாம் பஸ்ஸு, சைக்கிளு. நாலு பேரு ஒக்காந்தா அவளும் குளுந்துபோவா" என்றான்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். அன்றைக்கு வண்டி கொண்டுவராதவன் இன்றைக்கு அவள் கல்லையும் குழியில் இறக்கிவிட்டுப் புண்ணியக் கணக்குப் பேசுகிறான். நாலு ஆம்பளைகள் அப்போதே அதில் உட்கார்ந்து பார்த்து, 'ஜில்லுனு இருக்குது' என்று சிரித்தார்கள்.

குஞ்சம்மாள் தேர் முடிந்து ராத்திரி இருட்டில் ஊருக்கு வந்த மறுநாள் காலை. வழியெல்லாம் பனி. தலையில் கட்டு இருந்தால் கண்ணுக்குக் கால் முன்னால் இருக்கிற மண்தான் தெரியும். புங்கமரத்து வேரைப் பார்த்தாள், திரும்பினாள், முதுகைக் காட்டினாள், முழங்காலை மடக்கினாள், கட்டை நழுவவிட்டாள். நாலு வருஷப் பழக்கம் அது. நான் "யக்கா!" என்று கத்துவதற்குள் கட்டு அவளையும் இழுத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தது. கல்லில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த சுந்தரமூர்த்தி கால்மேல் விறகு உருண்டது.

"இன்னா பொம்பள நீ, கண்ணு தெரியலியா?" என்று அவன் துள்ளி எழுந்தான்.

குஞ்சம்மாள் விழுந்த இடத்திலிருந்தே பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தாள். எழுந்து ஒரு விறகை உருவினாள் பாருங்கள், சுந்தரமூர்த்தி செஞ்சிப் பக்கம் ஓடினவன் அன்றைக்கு பஸ் ஏறவே இல்லை. கட்டாந்தரையில் விழுந்ததில் முழங்கை பிய்ந்து ரத்தம் ஒழுகியது. நான் துணி கொண்டுபோனால் தள்ளிவிட்டாள். ஒழுகிய கையோடு சம்பந்தம் வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள்.

"டேய் சம்பந்தம்! வெளிய வாடா!"

நாலு வருஷத்தில் அவள் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் திட்டினாலும் மாப்ளே என்றுதான் திட்டுவாள். அவன் வெளியே வந்து, பொது நன்மை, பஞ்சாயத்துத் தீர்மானம் என்று மேடையில் பேசுகிற மாதிரி பேசினான். கல்லில் எவள் பேராவது எழுதியிருக்கிறதா என்று கேட்டான்.

"பேரு எதுக்குடா எழுதணும்? அது அவ ஒசரண்டா! ஒரு ஆளு ஒசரத்த மண்ணுல பொதச்சிட்டு அது மேல ஊர ஒக்கார வெச்சிருக்கியே, நீ சோறுதானடா திங்கற?"

கதவுக்குப் பின்னால் நீலாவதி நின்றிருந்தாள். நிறைந்த வயிறு, எட்டு மாதம். நாலு வருஷம் கழித்து இப்போதுதான் தரித்திருந்தது. குஞ்சம்மாள் அந்த வயிற்றைப் பார்த்தாள், அதற்கும் துப்பினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை, அப்போதே சொன்னேன். "நீ போடி" என்றாள்.

மறுநாளிலிருந்து சண்டை வேறு மாதிரி நடந்தது. விடிந்ததும் குஞ்சம்மாள் விறகுக்கட்டைக் கொண்டுவந்து அந்த பெஞ்சில் போடுவாள். செஞ்சிக்குக் கொண்டுபோக மாட்டாள். பக்கத்தில் தரையில் கையில் ஒரு கொம்போடு உட்கார்ந்துகொள்வாள். யாராவது ஓரத்தில் குந்தப் பார்த்தால், "ஒங்க வூட்டு பொணத்து மேல போய் ஒக்காரு" என்பாள். விறகு விற்காததால் அவள் அடுப்பும் எரியவில்லை. நான் கொடுத்த மோரும் கூழுந்தான். உயரம் போனதில் மற்ற சுமைக்காரப் பெண்களுக்கும் எரிச்சல். அவ்வளவு தாழ்ந்த கல்லில் கட்டை இறக்கினால் திரும்பத் தலைக்கு ஏற்ற ஆள் வேண்டும். அதற்கு இறக்காமலே போகலாம். அவர்களும் போகிற போக்கில் சம்பந்தத்துக்கு நல்ல வார்த்தையாக நாலு சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் பார்த்தான் சம்பந்தம். பஸ்ஸில் வருகிற போகிறவன் எல்லாம் 'இன்னா மெம்பரே, மாமியா ஒக்கார விட மாட்டேங்குது?' என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு மானம் போய்விட்டது. பெஞ்சும் வேண்டாம், சுமைதாங்கியும் வேண்டாம், கல்லைப் பெயர்த்து ஓடைப் பாலத்துக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். காலை பஸ் வருகிற நேரம், ஸ்டாப்பிங்கில் கூட்டம் நிற்கிறது. வண்டியும் கடப்பாறையுமாக ஆட்களோடு வந்து இறங்கினான். அதே வண்டி.

குஞ்சம்மாள் விறகுக்கட்டைத் தள்ளிவிட்டுக் கல்லைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். "தூக்கு! என்னோட சேத்துத் தூக்கி பாலத்துல போடு! ஆத்தாளும் மவளும் ஒண்ணா கெடக்குறோம்! ஒம் மாடு மெதிச்சிட்டுப் போவட்டும்!" தொண்டை கிழிந்து குரல் பிசிறியது. ஆட்கள் தயங்கினார்கள். "பைத்தியம் பிடிச்சிருக்குது, கையப் புடிச்சி இழுங்கடா" என்றான் சம்பந்தம். ஒருத்தன் கையைப் பிடித்தான். பஸ்ஸுக்கு நின்ற ஆம்பளைகள் வேடிக்கை பார்த்தார்கள். நான் கடையை விட்டு இறங்கி ஓடினேன்.

எனக்கு முன்னால் ஒரு புல்லுக்கட்டு சாலையில் நேராக வந்துகொண்டிருந்தது. கொல்லைக்குள் இறங்கவில்லை, மரத்தைச் சுற்றவில்லை, நேராகக் கல்லைப் பார்த்தே வந்தது. கட்டுக்குக் கீழே நீலாவதி. ஒரு கை தலைமேல், ஒரு கை இடுப்பில். வந்தவள் குஞ்சம்மாளின் கால்மாட்டில், கல்லின் ஓரத்தில் புல்லைப் போட்டாள். குனிய முடியாமல், போட்ட வேகத்தில் அவளே தள்ளாடினாள். புருஷன் பதறிப்போனான்.

"ஏய், நீ இன்னாத்துக்கு இங்க வந்த? புள்ளத்தாச்சி இங்க வரக்கூடாதுன்னு..."

"ஏன் வரக்கூடாது? நாளைக்கு நான் வர்ற எடந்தான இது?" என்றாள் நீலாவதி. அவள் குரலை நாங்கள் யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை. "யோவ், எனக்கு எப்பிடி வெக்கப்போற? நிக்கிற ஒசரமா, ஒக்கார்ற ஒசரமா? இப்பவே சொல்லிடு. பச்சமுத்து கிட்ட நானே அளவு குடுத்துட்டுப் போறேன்."

முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளே மேலே சொன்னாள்.

"வருஷா வருஷம் மூத்தாளுக்குப் பொடவ வெச்சி கும்புட்டுட்டுத்தான் அத நான் கட்டறேன். எனக்கு ஒரு புள்ளய குடு யக்கா, உயிரோட எறக்கி வெய் யக்கான்னு வேண்டிக்கிறேன். நீ அவ மேல பீடி குடிக்க ஆள ஒக்கார வெச்சிருக்க. அவ எனக்கு எப்பிடி எறக்கி வெப்பா? எனக்கும் வலி வந்தா நீ மூட்டய எறக்கிட்டுத்தான வருவ?"

குஞ்சம்மாளின் கையைப் பிடித்திருந்தவன் கையை விட்டுவிட்டான். பஸ் வந்து நின்றது, ஒருத்தரும் ஏறவில்லை. கண்டக்டர் விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு அவனும் இறங்கி வந்து நின்றுகொண்டான்.

நீலாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "கல்லு ஏறுற வரைக்கும் நான் வூட்டுக்கு வரல. இங்கயே பெத்துக்கிறேன். எப்பிடியும் பாதி வழி வந்தாச்சி" என்றாள்.

சம்பந்தம் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் வேறு எங்கேயோ பார்த்தார்கள். கடைசியில் அவனே வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாறையை எடுத்தான். குழி தோண்டினவனே மண்ணைப் பறிப்பதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பச்சமுத்துவைக் கூட்டி வந்தார்கள். மேல்கல்லை இறக்கி, நின்ற கற்களை நெம்பி மேலே கொண்டுவந்து, மேல்கல்லைத் திரும்ப வைத்தார்கள். குஞ்சம்மாள் கல்லைவிட்டு எழுந்து பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல் நின்றதும் விறுவிறுவென்று ஊருக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்த வைக்கோல் பிரி. புகை படிந்து கறுத்துப்போயிருந்தது.

ஒரு முனையைக் கல்லின் அடியில் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை மேலே பிடித்தாள். கல்லின் உயரம் முடிச்சுக்கு இரண்டு விரல் குறைந்தது.

"தூக்கு" என்றாள்.

"ரெண்டு வெரலுதான் அத்தே..." என்றான் சம்பந்தம். முகமெல்லாம் மண்.

"எம்மவ ரெண்டு வெரலு கொறச்சலா செத்தா? தூக்குடா!"

தூக்கினார்கள். கல் ஏறி மண் இறுகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. குஞ்சம்மாள் தன் விறகுக்கட்டைத் தலைக்கு ஏற்றச் சொல்லி, கல்லுக்கு முதுகைக் காட்டி, பார்க்காமல் நழுவவிட்டாள். கட்டு கல்லில் உட்கார்ந்தது. சும்மாட்டை உதறி முகத்தைத் துடைத்தாள். "எறங்கிச்சாடி?" என்று கேட்டாள். அப்போதுதான் அவள் அழுதாள். அழுகையிலும் கெட்ட வார்த்தைதான் வந்தது.

நீலாவதி எழுந்து தன் புல்லுக்கட்டைத் தலையில் வாங்கிக்கொண்டு கல்லுக்கு வந்தாள். அவளும் முதுகைக் காட்டி நின்றாள். உயரம் போதவில்லை. கட்டு கல்லின் விளிம்பில் இடித்து நின்றது. நுனிக்காலில் எம்பினாள், மறுபடி இடித்தது. சுற்றி நின்றவர்களில் எவனுக்கும் கை நீளவில்லை. குஞ்சம்மாள் போய் ஒரு கையால் கட்டைத் தூக்கிக் கல்மேல் தள்ளினாள், இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். பார்வையில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"குட்டச்சி! ஒழுங்கா பெத்து எறக்கிட்டு எழுந்து நில்லு. ஒன்ன அளக்க எங்கிட்ட இன்னொரு கயிறு கெடையாது."